தணிந்த குரல்

மனசு சரியில்லை என்று வருகிறவர்களோடு பேசுவது என் வேலை. பேசுவது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பதினாறு வருஷமாக நான் செய்துவருவது வாயை மூடிக்கொண்டு கேட்பதுதான். ஒரு நாளைக்கு ஆறு பேர். ஆளுக்கு ஐம்பது நிமிஷம், நடுவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் குறிப்பு எழுத வேண்டும், பாத்ரூம் போக வேண்டும், வந்துபோனவரை மனசிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அடுத்தவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். இறக்கிவைக்கிறதாவது! ஒருத்தரும் இறங்குவதில்லை. எல்லாரும் உள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த வேலைக்கென்று எனக்கு ஒரு குரல் உண்டு. தணிந்த, அவசரமில்லாத குரல். படிக்கிற காலத்தில் பழகியது, இப்போது கழற்ற முடியவில்லை. கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவரிடம் "மூணு மாடி ஏறி வர்றது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டதில், அந்த மனுஷன் பயந்துபோய்க் கையெழுத்துகூட வாங்காமல் கிளம்பிவிட்டார். என் கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒருநாள் எங்களுக்குள் சண்டை, துவைத்த துணியை யார் மடிப்பது என்று. "நீங்க கோபமா இருக்கீங்கன்னு புரியுது" என்றேன்.

"இந்தா, என்கிட்ட அந்த ஆபீஸ் குரல்ல பேசாத. கத்தணும்னா கத்து. பொண்டாட்டி மாதிரி கத்து" என்றார்.

கத்தத்தான் பார்த்தேன். வரவில்லை. துணியை நானே மடித்தேன்.

நான் சொல்ல வந்தது என் தப்பைப் பற்றி. என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்தும் கடை வைத்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் எதையும் வைக்காமல். மகள் போய் மூன்று வருஷம். பதினோரு வயசு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிள்ளை நாலாம் நாள் இல்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு வருவார். பேச்சு அதிகம் கிடையாது. விரல்களில் எப்போதும் இரண்டு மூன்று பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே ஏழு மாசம் வந்தார்.

தப்பு நடந்த அன்றைக்கு, நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "அவ ஸ்கூல் பையை நாங்க இன்னும் திறக்கலீங்க."

ஏழு மாசம் நான் காத்துக்கிடந்த வாக்கியம். அதற்கு முன்னால் அன்று நாலு பேரைக் கேட்டிருந்தேன். மதியம் சாப்பிட்டேனா என்று ஞாபகமில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, என்னுடைய அந்தத் தணிந்த குரலில், மகள் பெயரைச் சொல்லி, பையைத் திறந்தால் அவள் நிஜமாகவே போய்விடுவாள் என்று பயமா என்று கேட்டேன்.

நான் சொன்னது அவர் மகளின் பெயர் இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிற ஒரு தாயின் மகளுடைய பெயர். அந்தப் பிள்ளையும் இப்போது இல்லை. பெயர்களை இங்கே எழுத மாட்டேன், எழுதவும் கூடாது.

அவர் சத்தம் போடவில்லை. "அது என் பொண்ணு இல்லீங்க" என்றார், தப்பாக எழுதிவந்த அளவைத் திருத்துகிற மாதிரி. எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் தள்ளி வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு போனார். இன்னும் இருபத்திரண்டு நிமிஷம் பாக்கி இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. ஆனால் ஐந்து மணிக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார், அவரையும் கேட்டேன்.

எங்கள் ஆலோசனை நிலையத்தில் எங்களுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். நாங்கள் ஊராரைக் கேட்கிறோம், அவர் எங்களைக் கேட்கிறார். அதனால் அவருக்குப் பெரிய காது என்று பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கும் தெரியும். மறுநாள் காலையில் அவர் அறைக்குப் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கடைசியா உங்களுக்குன்னு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"தூங்கினேன் மேடம்."

"அது தூக்கம் இல்ல, மயக்கம்." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். சுயபராமரிப்புத் திட்டம் என்று தலைப்பு. கீழே கட்டம் கட்டமாக இருந்தது. படைப்புச் செயல்பாடு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யாருடன், எப்போது. எனக்கு வயிறு எரிந்தது. களைத்துப்போனவளுக்கு வைத்தியம், இன்னொரு வீட்டுப்பாடம்! எங்கள் நடைவழியில் ஏற்கெனவே ஒரு பலகை உண்டு. ஒருத்தர் வரைந்த பூக்கள், இன்னொருத்தர் பின்னிய பாதி ஸ்வெட்டரின் போட்டோ. பின்னுகிற அந்தம்மாவின் கண்ணுக்குக் கீழேயும் என்னைப் போலவே கருவளையம்தான்.

"எனக்கு வேற எதுவும் வேண்டாம் மேடம். அவர் திரும்பி வரணும். அவ்வளவுதான்."

"ஒரு கடிதம் போடுங்க. ஒரே ஒரு தடவை. போன் பண்ணக் கூடாது, கடைக்குப் போய் நிக்கக் கூடாது. தெரியுமில்ல?"

தெரியும். வராதவரைத் துரத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துக்கொண்டேன். அவர் வரவில்லை என்றால் இந்த வேலையை விட்டுவிடுவேன். இறந்துபோன பிள்ளையின் பெயரைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு இந்த நாற்காலி எதற்கு?

அதையும் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பெரிய காது தாளின்மேல் ஒரு பேனாவை வைத்தார். பிறகு, "ரெண்டு மாசம் பொறுங்க. ஒரு நாளைக்கு மூணு பேர் போதும். இந்தத் தாளையும் நிரப்புங்க" என்றார். நான் இருந்ததிலேயே கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன். பாட்டு. அதற்கு மட்டும்தான் ஒரு சாமானும் வாங்க வேண்டியதில்லை.

பாட்டு வகுப்பு சனிக்கிழமை மாலை, ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில். தரை லேசாகச் சூடாக இருக்கும், இஸ்திரி ஆவியின் வாசனை படியேறி வரும். என்னோடு சேர்த்து ஏழு பேர். சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது இருக்காது. காலையில் பேக்கரியில் வேலை, மாலையில் இது. மாவு படிந்த கைக்கடிகாரத்தோடு வருவாள். என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டபோது "ஆபீஸ் வேலை" என்று புளுகினேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கல்யாண வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன்.

"அக்கா, வாயைத் திறங்க."

"திறந்துதானே இருக்கு."

"இது பேங்க்ல திறக்கற வாய். பல்டாக்டர்கிட்ட திறக்கறீங்க பாருங்க, அது வேணும்."

திறந்தேன். காற்று வந்தது. காற்றுக்குப் பின்னால் ஏதோ கொஞ்சம் வந்தது.

"தூங்கற குழந்தைக்குப் பக்கத்துல உட்கார்ந்து பாடற மாதிரியே பாடறீங்க. இங்க குழந்தை எங்க இருக்கு?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது.

அடுத்த வாரம் என் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அம்மாவோடு போனில் சண்டை போட்டதில் இப்படி ஆகிவிட்டது என்று பொதுவாகச் சொன்னாள். நான் என்னையும் அறியாமல் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, "அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்றேன். அவள் பதில் சொல்ல ஆரம்பித்து, இரண்டு நிமிஷம் சொல்லி, கண் கலங்கி, சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயோ அக்கா! நீங்க என்ன ஆபீஸ்னு இப்ப தெரிஞ்சுபோச்சு. இங்க அந்தக் கடையைத் திறக்காதீங்க."

கடை அதற்குள் திறந்தாகிவிட்டது. எங்களோடு ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார், ஓய்வு பெற்றவர். இருபத்தெட்டு வருஷம் உள்ளே போங்க, உள்ளே போங்க என்று கத்தின தொண்டை, சும்மா இருக்க முடியாமல் பாட வந்திருந்தது. அவர் இடைவேளையில் என்னைப் படிக்கட்டில் மடக்கி, மகன் தன்னோடு பேசுவதில்லை என்று கால் மணி நேரம் சொன்னார். நான் தலையாட்டினேன். "ம்" கொட்டினேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் சொந்த நேரம் என்று டிக் அடித்த அந்த ஒரு மணி நேரத்தில் நான் இலவச சேவை நடத்திக்கொண்டிருந்தேன். தலையெழுத்து என்று வேறு யாரைத் திட்டுவது? அவர்களாக வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தலையை அந்தக் கோணத்தில் சாய்த்து வைத்திருந்தது நான்தான்.

பாட்டுக்காரிதான் அதற்கு முடிவு கட்டினாள். "அக்கா, இனிமே இடைவேளைல நீங்க தெருவுல போய் நில்லுங்க. தனியா. யாராவது பக்கத்துல வந்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி நில்லுங்க."

அப்படியே நின்றேன். நாற்பத்தெட்டு வயசில், வகுப்பிலிருந்து வெளியே துரத்தப்பட்டு, பஸ்ஸே வராத ஒரு தெருவில்.

கடிதம் போட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. மூன்று வரிதான் எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது, வியாழன் நாலு மணி உங்களுக்காக இருக்கிறது, வருவதும் வராததும் உங்கள் விருப்பம். கிணற்றில் போட்ட கல்லாக அது கிடந்தது. பெரிய காது அந்த நேரத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். ஒவ்வொரு வியாழனும் நாலு மணியிலிருந்து நாலு ஐம்பது வரை அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்து அவர் மகளின் பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். சரியாகத்தான் வரும். இப்போது சரியாக வந்து யாருக்கு என்ன லாபம்?

ஏழாவது வாரம் சலவைக்கடையில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஓடின. தரையே அதிர்ந்தது. பாட்டுக்காரி என்னை நடுவில் நிறுத்தினாள்.

"நல்ல நேரம் அக்கா. கீழ ஓடற ஓட்டத்துக்கு நீங்க என்ன கத்தினாலும் ஒருத்தருக்கும் கேக்காது. சும்மா ஆன்னு விடுங்க. அழகா வர வேண்டாம். யாருக்கும் ஆறுதலா இருக்க வேண்டாம்."

யாருக்கும் ஆறுதலாக இருக்க வேண்டாம் என்று பதினாறு வருஷத்தில் என்னிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். வயிற்றிலிருந்து என்னமோ கிளம்பி, தொண்டையில் இடித்து, வெளியே விழுந்தது. எருமை கத்தினாலும் இதைவிடச் சுருதி சேர்ந்திருக்கும். மூச்சு முடியும்வரை விட்டேன். முடிந்ததும் இன்னொரு தடவை விட்டேன். மெஷின் நின்றுபோனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"அப்பாடா, இப்பத்தான் வண்டி கிளம்புது" என்றார் கண்டக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன். அன்று சாயங்காலம் வீட்டில் கட்டில்மேல் ஈரத்துண்டு கிடந்தது. "எத்தனை தடவை சொல்றது! இது என்ன கட்டிலா, கொடியா?" என்று ஒரு சத்தம் போட்டேன். சமையலறையிலிருந்து கணவர் கரண்டியோடு ஓடி வந்து, "என் பொண்டாட்டி வந்துட்டா" என்றார். துண்டை எடுத்துக் காயப்போட்டது அவர்தான்.

பாடினதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். திங்கட்கிழமை காலையில் அதே களைப்பு வாசலில் நின்றது. மூன்று பேரைக் கேட்பதற்குள்ளேயே தோள்பட்டை இறங்கிவிடும். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லலாம். முன்னெல்லாம் களைப்பு என்பதே தெரியாமல் களைத்திருந்தேன், இப்போது தெரிந்து களைத்திருந்தேன். அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. "வாரம் ஒரு மணி நேரம்" என்று மட்டும் நிரப்பினேன். பெரிய காது கொடுத்த இரண்டு மாசத் தவணை முடிகிற வாரத்தில் ராஜினாமாக் கடிதத்தையும் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை நாலு ஏழுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர்.

"உட்காரலாமா?"

"உட்காருங்க." எழுந்து நின்றுவிட்டேன் நான். "நான் தப்பு பண்ணிட்டேன். உங்க பொண்ணு பேருக்குப் பதிலா வேற ஒரு பிள்ளை பேரைச் சொன்னேன். அதுக்கு ஒரு காரணமும் சொல்லப் போறதில்ல. என்னை மன்னிச்சிடுங்க."

அவர் உட்கார்ந்தார். பிளாஸ்திரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை யாரு?"

"சொல்லக் கூடாதுங்க."

"உசிரோட இருக்கா?"

இதற்கும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்ள எங்களுக்குப் பயிற்சியே உண்டு. அன்று என் முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் பார்த்துவிட்டார்.

"சரி, விடுங்க. அந்தப் பிள்ளை மேல என்ன தப்பு" என்றார்.

அவராகவே மேலே பேசினார். "நான் கோபத்துல எழுந்து போனேன்னு நினைச்சிருப்பீங்க. கோபம் இல்லீங்க. எங்க வீட்டுல அவ பேரை யாரும் சொல்றதில்ல. என் பொண்டாட்டி சொல்ல மாட்டா. என் தம்பி வந்தா 'அந்த விஷயம்'னு சொல்லுவான். பெத்த பொண்ணு அந்த விஷயம் ஆயிட்டா. எனக்கும் நாக்கு வரல. மூணு வருஷத்துல ஒரு தடவைகூட வரல. வாரத்துல ஒரு நாள் இந்த ரூம்லதான் அவ பேர் காதுல விழும். நீங்க சொல்லுவீங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை, அஞ்சு தடவை. அதைக் கேக்கத்தான் வந்துட்டிருந்தேன். நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் இல்ல."

ஏழு மாசம் நான் யோசித்து யோசித்துச் செதுக்கின கேள்விகள்! எனக்கு அழுகையும் வந்தது, அதற்குள்ளே ஒரு சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கவில்லை.

"அதையும் நீங்க மாத்திச் சொன்னதும், அவ இங்கேருந்தும் போயிட்டான்னு ஆயிடுச்சு. அதான் வரல."

"இப்ப ஏன் வந்தீங்க?"

"வேற எங்க போறது? இப்ப சொல்லுங்க. சரியா சொல்லுங்க."

சொன்னேன். தணிந்த குரலில், அவசரமில்லாமல், ஒரு எழுத்து பிசகாமல்.

அவர் தலையை ஆட்டினார். "அப்படி இல்லீங்க. அது நீங்க எனக்காகச் சொல்றது. சாயங்காலம் கீழ தெருவுல விளையாடிட்டிருப்பா. நான் மாடியிலேருந்து கூப்பிடுவேன். முதல் தடவை காதுலயே வாங்க மாட்டா. அப்படிக் கூப்பிடுங்க."

எங்கள் நிலையத்தின் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து அறையில் ஸ்வெட்டர் பின்னுகிற அந்தம்மா யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார். நடைவழியில் மூன்று இடத்தில் அமைதி என்று எழுதி ஒட்டியிருக்கிறது. நான் அவர் மகளைக் கூப்பிட்டேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் பாதியில் குரல் உடைந்தது, உடைந்தபடியே மீதியையும் கூப்பிட்டேன். வரவேற்பில் இருக்கும் பெண் ஓடி வந்து கதவைத் திறந்தாள். எங்கள் நிலையத்தில் யாரும் அப்படித் திறக்கிற வழக்கமே கிடையாது. ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன். அவள் சாத்திக்கொண்டு போனாள்.

"வர மாட்டா. ஒரு தடவைக்கெல்லாம் வர மாட்டா" என்றார் கண்ணாடிக்காரர்.

எழுந்து ஜன்னலுக்குப் போனார். கொக்கியை நீக்கி இரண்டு கதவையும் திறந்தார். இரண்டு கையையும் ஜன்னல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, தெருவைப் பார்த்து, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அழுகை இல்லை அதில். கடைசி எழுத்தை நீட்டி, போதும் விளையாடினது, இப்ப வரியா இல்லையா என்ற சின்ன மிரட்டலோடு கூப்பிட்டார். கீழே நடந்துபோன யாரோ அண்ணாந்து பார்த்தார்கள்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.